ஒன்றரை இலட்சத்தில் ஸ்ட்ரீமருக்கு எவ்வளவு, டாக்குக்கு எவ்வளவு: வெள்ளவத்தை வீடொன்றின் கணக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. முன்னறை 14 அடிக்கு 11 அடி. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் விட்டுச்சென்ற தொண்ணூறுகளின் 50 வாட் அம்ப், அலமாரியில் வைக்கிற அளவிலான இரண்டு ஸ்பீக்கர், பழைய சீடீ பிளேயர், சுவரில் டீவீ, தலைக்கு மேலே பேன். பாட்டு போனிலிருந்து சின்ன புளூடூத் வில்லை ஒன்றின் வழியாக அம்ப்புக்குப் போகிறது. 180 சீடீ அளவில் பிரித்தெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. ஸ்பாட்டிஃபை கணக்கு ஒன்று உண்டு. காலையில் தென்றல் வானொலி.

கொழும்பு வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரே கூரையின் கீழ் வைத்து அமைத்த மாதிரி இது. விலைகள் டொலருக்கு 300 ரூபா என்று வைத்துப் போட்ட மதிப்பீடுகள். இனி இதை ஒரு வீடாகவே கதைப்போம்.

பாட்டுக் கேட்கும் முறையைத் திருத்த, ஸ்ட்ரீமர், டாக் (DAC) என்ற இரண்டு பெட்டிக்குமாகக் கையில் 150,000 ரூபா. கடையில் கிடைத்த ஆலோசனை: "அண்ணை, ஸ்ட்ரீமர் வெறும் தபால்காரன். காசை டாக்கில போடுங்கோ." டாக்குக்கு 110,000, ஸ்ட்ரீமருக்கு 40,000 என்று துண்டில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

தபால்காரன் உவமை அரைவாசி சரி. ஸ்ட்ரீமர் இணையத்திலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ எண்களை எடுத்து வருகிறது. டாக் அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றி அம்ப்புக்குக் கொடுக்கிறது. ஒலியை உண்டாக்குவது டாக் என்பதால் காசும் அங்கேதான் போகவேண்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கடிதம் வராத நாளில் மூக்குக்கண்ணாடி எவ்வளவு நல்லதாய் இருந்தும் வாசிக்க ஒன்றுமில்லை. ஆகவே சதவீதத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, வீட்டில் இப்போது என்ன பிழையாகிறது, அது எந்தப் பெட்டியின் பொறுப்பு என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்காரரின் முறைப்பாடுகள் நான்கு. இரவில் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது. கச்சேரிப் பதிவுகளில் தானம் முடிந்து பல்லவிக்குப் போகும் இடத்தில் ஒரு வெட்டு விழுகிறது. டீவீயை இணைத்தால் அம்ப்பில் இரைச்சல். எல்லாவற்றுக்கும் மேலாக, "சத்தம் தட்டையாக இருக்கு".

இரவில் அறுவது

சீடீத் தரத்துக்கு 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ், இரண்டு சனல்: பெருக்கினால் செக்கனுக்கு 1.4 மெகாபிட். ஆகப் பெரிய 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் கோப்புக்கூட 9.2 மெகாபிட்தான், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக்கினால் அதிலும் குறைவு. பைபர் இணைப்புள்ள வீட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. குறை வேகத்தில் இல்லை, நெரிசலில் இருக்கிறது. மாடி வீட்டுத் தொகுதி ஒன்றில் இரவு எட்டு மணிக்கு போனில் வை-பை பட்டியலைத் திறந்து பாருங்கள், அயல்வீட்டு ரூட்டர்கள் இருபது வரிசையில் நிற்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. ரூட்டரோ பைபர் பெட்டியோடு வாசல் பக்கம். பாட்டுப் பெட்டி இரண்டு கொங்கிரீட் சுவர் தாண்டி.

சோதனை எளிது. 20 மீற்றர் லான் வயர் ஒன்றைத் தற்காலிகமாகத் தரையில் போட்டு, ஒரு மடிக்கணினியை இணைத்து இரண்டு இரவு பாட வையுங்கள். அறுவது நின்றால் விடை கிடைத்துவிட்டது. வலைப்பின்னலில் தொலைந்த தரவுப் பொதி திரும்ப அனுப்பப்படும், பெட்டி அதைச் சேமித்து வைத்துத்தான் பாடும். ஆகவே வலைப்பின்னலில் பிழை வந்தால் கேட்பது மௌனம். "பேஸ் மெலிந்துவிட்டது" என்று ஒருவர் லான் வயரை மாற்றச் சொன்னால் அந்த இடத்தில் பேர்ஸை மூடலாம்.

முதல் முடிவு இங்கேயே வந்துவிடுகிறது: ஸ்ட்ரீமரில் லான் துளை இருக்கவேண்டும். விம் (WiiM) என்ற பெயரில் வரும் ஸ்ட்ரீமர்களில் மினி 89 டொலர் அளவில் விற்றது, லான் துளை இல்லை. விம் புரோ 149 டொலர் அளவில் விற்றது, லான் துளை உண்டு. வித்தியாசம் 60 டொலர், 18,000 ரூபா. டாக்கில் இதே 18,000ஐக் கூட்டினால் கிடைக்கக்கூடியதைவிட இது தினமும் பயன்தரும் காசு.

புளூடூத் வில்லையை விட்டதிலேயே இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. புளூடூத்தில் பாட்டைச் சுமப்பது போன், அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போனோடு குசினிக்குப் போனால் அறும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறையில் ஸ்ட்ரீமரே நேரடியாக இணையத்திலிருந்து எடுக்கிறது, போன் வெறும் ரிமோட்.

தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவில்

ராகம் தானம் பல்லவி ஒன்றை சீடீயில் மூன்று நான்கு டிராக்காக வெட்டியிருப்பார்கள். மேடையில் இடைவெளி இல்லை, தம்புராவின் சுருதி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ரீமர் ஒரு கோப்பை முடித்து மூடி, அடுத்ததைத் திறக்க கால் செக்கன் எடுத்தாலும் சுருதி அறுந்து விழுந்து திரும்ப எழும். திரைப்பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது வாழ்நாளில் தெரியாது. கச்சேரி கேட்பவருக்கு நகத்தில் மணல் ஏறியது போல.

இதில் டாக்குக்கு வேலையே இல்லை. 110,000 ரூபா டாக்காக இருந்தாலும் வராத எண்ணை மாற்ற முடியாது. இடைவெளியின்றிப் பாடும் திறன் முழுக்க முழுக்க ஸ்ட்ரீமரின் மென்பொருளில் இருக்கிறது. அதிலும் வழிக்கு வழி வேறுபடும்: டிஸ்க்கிலிருந்து ஒழுங்காகப் பாடும் பெட்டி, போனிலிருந்து அனுப்பும்போது வெட்டலாம். ஆகவே அட்டையில் எழுதியதை நம்பாமல், தானம்–பல்லவி எல்லை உள்ள இரண்டு ஃபிளாக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே பாட வைத்துப் பார்ப்பது நல்லது. வாங்கும் வழியிலேயே பாட வேண்டும். வீட்டில் ஹார்ட் டிஸ்க் என்றால் கடையிலும் டிஸ்க்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பழைய பாட்டுகளின் தொகுப்பில் ஒன்று 44.1 கிலோஹேர்ட்ஸ், அடுத்தது 48 என்று கலந்து கிடக்கும். செக்கனுக்கு எத்தனை எண் என்ற இந்த வேகம் மாறும்போது டாக் ஒரு கணம் தன்னை ஊமையாக்கி, புதிய வேகத்தைப் பிடித்துக்கொண்டு திறக்கும். சில டாக்குகளில் உள்ளே ரிலே 'டிக்' என்பது காதில் கேட்கும். அந்த அரைச் செக்கனில் பாட்டின் முதல் அசை விழுங்கப்படும். ஸ்ட்ரீமரில் தாமதம் கூட்டும் தெரிவு இருந்தால் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் வெளியீட்டை 44.1க்குக் கட்டிவைக்கலாம்.

போகிற போக்கில்: பத்து இருபது வருடம் பழைய கோப்புகளில் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தால் ஸ்ட்ரீமரின் ஆப்பில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எந்த விலைப் பெட்டியும் இதைத் திருத்தாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு டிஸ்க்கை இணையுங்கள். 180 சீடீக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும்.

இரைச்சல்

வீட்டில் இருந்தது இரண்டு இரைச்சல், ஒன்றாகக் கேட்டது. பிரித்தறிய ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அம்ப்பை மட்டும் போட்டு, பின்னால் எதுவும் இல்லாமல் கேளுங்கள். பிறகு ஒரு வயர், பிறகு அடுத்தது.

டீவீ வயரைச் செருகியதும் வந்த தடித்த 'ம்ம்ம்' 50 ஹேர்ட்ஸ். டீவீயின் முதுகில் மொட்டைமாடிப் பொது அன்டெனாவின் வயர் இருக்கிறது, அது எங்கோ நிலத்தோடு தொட்டிருக்கிறது. அம்ப்பும் தன் மூன்று முனைப் பிளக்கால் நிலத்தைத் தொடுகிறது. இரண்டு நிலங்களுக்கும் இடையில் உள்ள சின்ன மின்னழுத்தம் ஆடியோ வயரின் உறை வழியாக ஓடுகிறது. அன்டெனா வயரைக் கழற்றினால் இரைச்சல் சட்டென்று நிற்கும். அதுதான் சாட்சி. மருந்து ஒப்டிகல் வயர்: டீவீக்கும் டாக்குக்கும் நடுவில் ஒளி மட்டும் போகிறது, உலோகத் தொடர்பு இல்லை.

அம்ப்பின் நில முனையைக் கழற்றி இரைச்சலைப் போக்கலாம் என்று ஒருவர் சொல்வார். செய்யாதீர்கள். உலோக உடம்புள்ள பழைய அம்ப்பில் நிலமின்றி மின்கசிவு வந்தால் பாட்டைவிடப் பெரியது போய்விடும். பழைய வீடுகளில் உருண்டைத் துளைச் சொக்கெட்டில் நில வயரே இழுக்காமல் விட்டிருப்பதும் உண்டு. 13 அம்பியர் சதுரப் பிளக்குக்கு அடப்டர் போடும் முன் மின்காரரை வைத்து அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இரைச்சல் மெல்லிய 'ஸ்ஸ்ர்ர்'. அது பேனின் இலத்திரனியல் ரெகுலேட்டர். இரண்டில் வைத்தால் வரும், முழு வேகத்தில் வைத்தால் போய்விடும். ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் எழும் சத்தம் அது. பழைய அம்ப்பும் உறை சரியில்லாத வயரும் அதைப் பிடித்துக்கொள்ளும். ரெகுலேட்டரை மாற்றுவது டாக்கை மாற்றுவதைவிட மலிவு.

லான் வயர் வாங்கும்போது சாதாரண உறையில்லாத வயரே போதும். லான் துளைகளின் உள்ளே சிறு டிரான்ஸ்ஃபோமர்கள் இருக்கின்றன, மின்தொடர்பு அங்கே அறுந்துவிடுகிறது. உலோக உறை போட்ட 'உயர்தர' வயர் அந்த அறுப்பைத் திரும்ப ஒட்டிவிடக்கூடும்.

"தட்டை" என்பது என்ன

முறைப்பாடுகளில் ஆகக் கடினமானது இதுதான், கடைக்காரர் டாக்கை விற்பதும் இதை வைத்துத்தான்.

டாக் எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும்? 16 பிட் பதிவில் ஆகப் பெரிய ஒலிக்கும் அடிச்சீறலுக்கும் இடையிலான கோட்பாட்டு எல்லை 98 டெசிபல். ஆப்பிளின் 9 டொலர் யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடப்டரே அந்த எல்லையை நெருங்கும் அளவுக்குச் சுத்தமானது. 100 டொலர் தரத்தில் டொப்பிங், எஸ்எம்எஸ்எல் போன்றவர்களின் மேசை டாக்குகள் 110 டெசிபலைத் தாண்டுகின்றன. மறுபக்கம் ஸ்பீக்கர் பேஸில் 1 சதவீதம் திரிபு கொடுப்பது வழமை. அது இசையைவிட 40 டெசிபல்தான் கீழே. பேன் சுற்றி, காலி வீதியில் பஸ் ஓடி, கரையோர ரயில் போகும் அறையில் அமைதி என்பது 40 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அருமை. 90 டெசிபல் உச்சத்தில் கேட்டாலும் கையில் இருப்பது 50 டெசிபல் இடைவெளி. 110 டெசிபல் டாக்குக்கும் 120 டெசிபல் டாக்குக்கும் உள்ள வேறுபாடு அந்த பேன் காற்றுக்குக் கீழே எங்கோ புதைந்து கிடக்கிறது.

இருந்தாலும் கேட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது. இரவல் டாக் ஒன்றை ஸ்ட்ரீமரின் ஒப்டிகலில் மாட்டி, ஸ்ட்ரீமருக்குள்ளேயே இருக்கும் சின்ன டாக்கோடு (உள்டாக்) ஒப்பிடுவோம். முதல் பத்து நிமிடத்தில் வெளி டாக் "திறந்து பாடியது". மல்டிமீட்டரை எடுத்ததும் கதை மாறியது.

அளக்கும் முறை: 400 ஹேர்ட்ஸ் சீரான ஒலியுள்ள கோப்பு ஒன்றைப் பாட வையுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் 1,000 ஹேர்ட்ஸில் தடுமாறலாம், 50இல் வைத்தால் கரண்ட் இரைச்சலும் சேரும். ஆகவே 400. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். உள்டாக்கில் 1.00 வோல்ட், வெளி டாக்கில் 1.08 வோல்ட் என்று வந்தால் வேறுபாடு 0.67 டெசிபல். இந்த அளவு "சத்தம் கூடியது" என்று காதுக்குத் தெரியாது, "நல்லாயிருக்கு" என்று தெரியும். கடையில் இரண்டு டாக்கை மாற்றி மாற்றிப் போடும்போது நடப்பதும் இதுவே. வோல்ட்டை 1 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும்.

பிறகு இன்னொருவர் நாணயம் சுண்டி மாற்றிக்கொண்டிருக்க, கேட்பவர் எது எது என்று சொல்ல வேண்டும். 16 முறையில் 12 சரி என்றால் குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர 4 சதவீத வாய்ப்புத்தான், வேறுபாடு உண்மையாக இருக்கக்கூடும். இந்த மாதிரியில் 9 என்று வையுங்கள். நாணயமே 9 சொல்லியிருக்கும்.

அப்படியானால் தட்டை எங்கிருந்து? இரண்டு இடம். ஒன்று அறை. 14 அடி என்பது 4.27 மீற்றர். கொழும்பின் சூட்டில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடுகிறது, ஆகவே நீளவாட்டில் 41 ஹேர்ட்ஸிலும் அகலவாட்டில் 52 ஹேர்ட்ஸிலும் அறை தானாக ஊதிக்கொள்ளும். பேஸ் கிற்றாரின் ஆகக் கீழ்த் தந்தி 41 ஹேர்ட்ஸ். கொங்கிரீட் சுவர் அதை விழுங்காது, திருப்பி எறியும். ஒரு சுரம் குமுறி அடுத்தது காணாமல் போக, அதற்கு மேலே உள்ள குரல் மூடுண்டு "தட்டையாக" விழுகிறது. இரண்டாவது இடம் ஸ்பீக்கர்: டீவீ மேசையின் இரு மூலையில், சுவரோடு ஒட்டி, ஒன்று அந்தூரியச் சாடிக்குப் பின்னால்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் எடுத்து, உச்ச ஒலிகளைக் கொடுக்கும் சின்னக் கூம்பு உட்காருபவரின் காது மட்டத்துக்கு வரும்படி தச்சரிடம் ஸ்டாண்ட் செய்வித்தால் பாதி தீரும். மீதிக்கு ஸ்ட்ரீமரின் பாராமெட்ரிக் ஈக்குவலைசர், அதாவது வேண்டிய சுரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி. 52 ஹேர்ட்ஸில் 5 டெசிபல் வெட்டு, கியூ (வெட்டு எவ்வளவு ஒடுக்கம் என்ற எண்) 5 என்று தொடங்கி, போனில் ஒரு அளவீட்டு ஆப்பும் மெதுவாக ஏறும் சைன் ஒலியும் வைத்து நகர்த்துங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள், மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தில் ஊற்றும் வாட் அம்ப்பைத்தான் களைப்பாக்கும்.

ஒலியை ஆக அதிகம் மாற்றிய வேலை இது. செய்தது "தபால்காரன்".

தாளம் போடுபவர் யார்

விலையுயர்ந்த ஸ்ட்ரீமர் விற்பவர்கள் 'ஜிட்டர்' என்பதைச் சொல்வார்கள், அதையும் பார்த்துவிடுவோம். எண்கள் சரியாக வந்தால் போதாது, சரியான கணத்தில் மாறவும் வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்பவர் யார் என்பதே கேள்வி. அசிங்க்ரனஸ் யூஎஸ்பியில் தாளம் டாக்கின் கையில்: அது தன் பளிங்குக் கடிகாரத்தைப் பார்த்து "இப்போது இவ்வளவு அனுப்பு" என்று ஸ்ட்ரீமரைக் கேட்கிறது. ஒப்டிகலிலும், உலோக வயரில் போகும் கோஆக்சியலிலும் தாளம் ஸ்ட்ரீமரின் கையில், டாக் கேட்டுப் பின்தொடர்கிறது. இன்றைய டாக்குகள் அந்தத் தாளத்தின் சின்னத் தளும்பலை உள்ளே மட்டப்படுத்திவிடுகின்றன. ஆகவே துல்லியக் கடிகாரம் போட்ட 400 டொலர் ஸ்ட்ரீமர் வாங்கி, அதை 100 டொலர் டாக்கில் மாட்டுவதும் கடைக்காரரின் துண்டுச்சீட்டின் மறுபக்கப் பிழைதான்.

எண்கள் மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க ஈக்குவலைசரை அணைத்து, ஸ்ட்ரீமர் சத்தத்தை 100இல் வைத்துவிட்டு, டாக்கின் முகப்பைப் பாருங்கள். 44.1 கோப்புக்கு 48 என்று காட்டினால் வழியில் எங்கோ மாற்றுகிறார்கள். இன்னும் கறாரான சோதனை: டிடிஎஸ் என்ற சினிமா ஒலிக் குறியீடு உள்ள வேவ் கோப்பை ஒப்டிகல் வழியே ஏவீ ரிசீவர் ஒன்றுக்கு அனுப்புங்கள். எண்கள் வழியில் மாற்றப்பட்டால் ரிசீவர் அதை டிடிஎஸ் என்று அறியாது, கொதிக்கும் எண்ணெய் போல இரைச்சல் வரும். அதற்காகச் சத்தத்தை முதலே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்டிகல் வயரில் எண்ணே வரவில்லை என்றால் முதலில் முனையைப் பாருங்கள். கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், கழற்றாமல் செருகுபவர்கள் ஏராளம். கோஆக்சியல் வயர் தேடி அலையவும் வேண்டாம்: பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ வயர் 75 ஓம், அதே வேலையைச் செய்யும்.

டாக் கொண்டுவந்த புதுக் கோளாறு

இரவல் டாக்கை மாட்டிய அன்றே ஐந்தாவது முறைப்பாடு பிறந்தது: குறைந்த சத்தத்தில் இடப்பக்கம் கூட, வலப்பக்கம் குறைவு. டாக் 2 வோல்ட் கொடுக்கிறது. தொண்ணூறுகளின் அம்ப்புக்கு 150 முதல் 200 மில்லிவோல்ட் கிடைத்தாலே முழுச் சத்தம் போட முடியும். ஆகவே குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியவில்லை. பழைய குமிழின் இரண்டு தடங்களும் அந்தத் தொடக்க மூலையில் ஒத்துப்போவதில்லை.

டாக்கின் சத்தத்தை 10 டெசிபல் இறக்கி வைக்கலாம். 24 பிட் பாதையில் 16 பிட் இசைக்கு 8 பிட் மிச்சம் உண்டு, பிட்டுக்கு 6 டெசிபல், ஒன்றும் கெடாது. ஆனால் கரண்ட் போய் வந்ததும் சில டாக்குகள் முழுச் சத்தத்துக்குத் திரும்பிவிடும். கரண்ட் வந்த நேரம் ஸ்பீக்கர் அலறினால் கீழ்வீட்டுக்காரரும் எழும்புவார். 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் சோடி ஒன்றை, டாக்கிலிருந்து அம்ப்புக்குப் போகும் ஆர்சிஏ வயரின் நுனியில் போடுவது பாதுகாப்பு. குமிழ் பத்து பதினொரு மணிக்கு வந்துவிடும், இடமும் வலமும் சேர்ந்துவிடும்.

கடைசிக் கணக்கு

ஸ்ட்ரீமர், 149 டொலர் தரம்: 44,700 ரூபா, அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி, மேலே கூரியரும் கடை இலாபமும் சேர்த்து 62,000 வைக்க வேண்டும். வை-பை உள்ள பொருளை வெளியிலிருந்து நேரே எடுப்பித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக் கேள்வி சுங்கத்தில் வரலாம். உத்தரவாதத்தோடு உள்ளூரில் எடுப்பதே தலைவலி குறைவு. டாக்கில் ரேடியோ எதுவும் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி இல்லை.

டாக், 100 டொலர் தரம்: 40,000. காதுக்குத் தேவையில்லை என்று சோதனை சொன்ன பிறகும் வாங்கக் காரணம் துளைகள். டீவீக்கு ஒப்டிகல், சீடீ பிளேயருக்குக் கோஆக்சியல் என்று பழைய அம்ப்பால் முடியாததை அது செய்கிறது, டீவீ இரைச்சலையும் அதுவே அறுக்கிறது. ஸ்ட்ரீமரும் ஒப்டிகல் கேட்டால் துளை இடிக்கும், ஒன்றைக் கோஆக்சியலுக்கு மாற்றி, சீடீ பிளேயரை அம்ப்பின் அனலொக் துளையில் விட வேண்டிவரும். டீவீயும் சீடீயும் இல்லாத வீடென்றால் இந்த 40,000 அப்படியே மிச்சம்.

லான் வயர், சுவரோரப் பிளாஸ்டிக் கேசிங், நுனிகள்: 6,000. 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் சின்ன டிசி யூபிஎஸ்: 9,000. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ரூட்டருக்காக வாங்கியது அலமாரியில் கிடந்தால் இதுவும் மிச்சம். இப்போது அதன் வேலை, கண்சிமிட்டும் நேரக் கரண்ட் போக்கில் ரூட்டரும் ஸ்ட்ரீமரும் அணைந்து மறுபடி தொடங்காமல் பார்ப்பது. அட்டெனுவேட்டர் 5,000, ஒப்டிகல் வயர் 1,500, ஸ்பீக்கர் ஸ்டாண்ட் 14,000. கூட்டினால் 137,500. மீதி 12,500ஐ பேன் ரெகுலேட்டருக்கும் மின்காரரின் கூலிக்கும் ஒதுக்கலாம்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் வழியில் போனால் ஸ்ட்ரீமர் செலவு இன்னும் இறங்கும், ஆனால் கையில் நேரம் வேண்டும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் பவர் சப்ளை அவசியம். போன் சார்ஜர் போட்டால் வோல்ட் சரிந்து, பாட்டு நடுவில் தொங்கும். கரண்ட் போகும் வீட்டில் மெமரி கார்ட் கெடுவது வழமையான சாவு. பைகோர்பிளேயர் என்ற மென்பொருள் முழுவதும் ரேமில் ஓடுவதால் அதில் அந்தப் பயம் குறைவு.

எப்போது தராசு மறுபக்கம் சாயும்? ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு: அறைச் சத்தமும் இல்லை, அறை ஊதலும் இல்லை, நல்ல ஹெட்ஃபோன் அம்ப் உள்ள டாக்குக்கு 70,000 போடுவது வீண் இல்லை. சத்தம் எளிதில் எழும் ஹோர்ன் ஸ்பீக்கர் உள்ளவருக்கு: டாக்கின் அடிச்சீறல் காதில் விழும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை ஆடியோ பிளக்) நுழைவுள்ள, அம்ப் உள்ளேயே இருக்கும் அக்டிவ் ஸ்பீக்கர் உள்ளவருக்கு: அதற்கான வெளியீடும் நல்ல சத்தக் கட்டுப்பாடும் உள்ள டாக். தென்றலும் மற்ற இணைய வானொலியும் மட்டும் கேட்பவருக்கு இரண்டிலுமே மலிவானது. ஒளிபரப்பும்போதே நசுக்கியதை எந்த டாக்கும் விரித்துத் தராது.

ஸ்ட்ரீமருக்கு 150 டொலருக்கு மேலே ஏறாததற்கு இன்னொரு காரணம் ஆயுள். ஸ்ட்ரீமர் ஒரு கணினி, அதன் உயிர் வேறொருவர் கையில். லொஜிடெக் தன் ஸ்குவீஸ்பொக்ஸ் பெட்டிகளின் இணையச் சேவையை 2024இல் மூடியது. 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட குரோம்காஸ்ட் ஓடியோ, 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகமெங்கும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தது. கூகிள் திருத்தம் அனுப்பிய பின்தான் எழும்பியது. டாக்குக்கு இந்த நோய் இல்லை, 2010இன் டாக் இன்றும் அதே வேலையைச் செய்யும். அதனாலேயே பழைய டாக்கை அரைவிலைக்கு வாங்கலாம், பழைய ஸ்ட்ரீமரை வாங்கக்கூடாது. பெட்டியில் பத்துச் சேவையின் சின்னம் இருந்தாலும், அவற்றில் எதற்கு இலங்கையில் கணக்குத் திறக்க முடிகிறது என்று முதலே பார்த்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை 2021இல் இங்கே வந்தது. இழப்பற்ற தரத்தை 2025 செப்டெம்பரிலிருந்து நாடு நாடாகத் திறக்கத் தொடங்கியது, அதுவும் 24 பிட், 44.1 வரைதான். 192க்குக் காசு கொடுக்க முன் இதை நினைவில் வையுங்கள்.

பூட்டிய பிறகு செய்ய வேண்டியது இரண்டு. கடலிலிருந்து இருநூறு மீற்றரில் ஆர்சிஏ நுனிகள் ஆறு மாதத்தில் மங்கும். ஒரு பக்கம் கரகரத்தால் டாக்கைச் சந்தேகிக்காமல் நுனியைக் கழற்றி ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும்போது சுவிச்சை அணைப்பது போதாது. பைபர் வயரால் மின்னல் வராது, அதன் 12 வோல்ட் அடப்டரால் வரும், மொட்டைமாடி அன்டெனாவால் வரும். டீவீ, ரூட்டர், அம்ப் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, அன்டெனா வயரையும் கழற்றுங்கள்.